காருக்கு வேறு ரிம் போடுமுன்: திருகோணமலை வீதிகளுக்குப் பொருந்தும் சில்லை எப்படித் தெரிவது?

புதிதாக அலோய் ரிம் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை இஞ்ச் போடலாம்?" என்பதைத்தான். தேவையான கேள்விதான், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. அந்த ரிம் உங்கள் காரில் பூட்டுப்படுமா, பூட்டிய பிறகு மட்கார்டில் உரசாமல் திரும்புமா, ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வரத் தாங்குமா என்பதெல்லாம் வேறு சில எண்களில் இருக்கிறது. அவற்றை வாசிக்கப் பழகிவிட்டால் டயர் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இலங்கையில் 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், இருக்கிற காரையே புதிதாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை எங்கள் பக்கத்தில் கூடிவிட்டது. செலவு குறைவாகவும் பார்வைக்கு உடனே வித்தியாசமாகவும் தெரிவது ரிம் மாற்றம்தான். ஜப்பானில் கழற்றிய பழைய ரிம்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் பிறகு உரசல், அதிர்வு, காற்று இறங்குதல் என்று ஒவ்வொன்றாக வரும். சில பிழைகள் உயிருக்கே ஆபத்தானவை. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் காரின் சொந்த எண்கள்

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவோரச் சட்டத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் வைத்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். இப்போது காரில் இருக்கிற டயரைப் பார்த்து அளவு எடுக்க வேண்டாம். முன்னைய உரிமையாளர் அதை எப்போதோ மாற்றியிருக்கக்கூடும். ஸ்டிக்கர்தான் அடிப்படை.

எங்கள் ஊரில் நிறைய ஓடும் டொயோட்டாவின் 30 வகை பிரியஸை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ஓர் அளவு 195/65ஆர்15 91எச். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது டயரின் பக்கச் சுவரின் உயரம். இது மில்லிமீற்றர் கணக்கில்லை, அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். 91 என்பது ஒரு டயர் தாங்கக்கூடிய பாரத்தின் குறியீடு. 91 என்றால் 615 கிலோ. எச் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீற்றர் வரை.

அகலத்துக்கும் ரிம் விட்டத்துக்கும் இருக்கிற கவனம் நடுவில் உள்ள 65க்குக் கிடைப்பதில்லை. உண்மையில் முழுக் கணக்கையும் தீர்மானிப்பது அந்த நடு எண்தான்.

ரிம் பெரிதானால் டயர் மெலிய வேண்டும்

காரின் வேகமானி, ஓடிய தூரம், ஏபிஎஸ் பிரேக் எல்லாம் சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் இவ்வளவு தூரம் போகும் என்று நம்பித்தான் வேலை செய்கின்றன. அந்தத் தூரத்தைத் தருவது ரிம்மும் டயரும் சேர்ந்த முழு விட்டம். ஆகவே ரிம் எவ்வளவு வளர்கிறதோ, டயரின் மேல், கீழ்ப் பக்கச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட அவ்வளவு குறைய வேண்டும். முழு விட்டம் அசலிலிருந்து நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் விலகக்கூடாது என்பது டயர் வேலை செய்கிறவர்கள் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. என்னைக் கேட்டால் 2 பங்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கு கடினமில்லை. ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீற்றர். பிரியஸின் 15 இஞ்ச் ரிம் 381 மில்லிமீற்றர். பக்கச் சுவர் 195இல் நூற்றுக்கு 65, அதாவது 126.75. மேலும் கீழும் இரண்டு சுவர் என்பதால் 253.5. கூட்டினால் 634.5 மில்லிமீற்றர். அதே பிரியஸுக்கு டொயோட்டாவே 17 இஞ்சில் 215/45ஆர்17 என்ற அளவையும் கொடுத்தது. அதைக் கணக்கிட்டால் 431.8உம் 193.5உம் சேர்ந்து 625.3 வருகிறது. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கும் இல்லை. ரிம் 2 இஞ்ச் வளர்ந்தும் முழு விட்டம் பெரிதாக அசையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி, "17க்கு இந்த டயர்தான் கையில் இருக்கிறது, போட்டுத் தரட்டா?" என்று ஒருவர் 215/55ஆர்17ஐ எடுத்து வைக்கிறார் என்று வையுங்கள். முழு விட்டம் 668.3 மில்லிமீற்றர். அசலைவிட நூற்றுக்கு 5 பங்குக்கும் கூட. வேகமானி 60 காட்டும்போது நீங்கள் 63இல் போவீர்கள். அதைவிட முக்கியம், திருப்பத்தில் டயர் உள் மட்கார்டைத் தேய்க்கத் தொடங்கும். நடு எண்ணில் 45க்கும் 55க்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு.

சிறிய காருக்கும் இதே கணக்குத்தான். ஜப்பான் வேகன் ஆருக்கு 155/65ஆர்14 வரும். முழு விட்டம் 557.1. அதன் ஸ்டிங்ரே வகைக்கு 165/55ஆர்15. முழு விட்டம் 562.5. வித்தியாசம் நூற்றுக்கு ஒரு பங்கு. ஒரே காரின் உயர்ந்த வகைக்குத் தயாரிப்பாளரே வைத்த பெரிய சில்லு எது என்று தேடுவதுதான் தொடங்குகிறவருக்கு மிகப் பாதுகாப்பான வழி. உரசல், பாரம், பிரேக் எல்லாவற்றையும் அவர்கள் ஏற்கெனவே சோதித்துவிட்டார்கள்.

ஓட்டைகளும் நடுத் துளையும்

ரிம்மைக் காரில் பூட்டும் போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் நிற்கின்றன. அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் பி.சி.டி என்கிறார்கள். விட்ஸ், அக்வா, ஜப்பான் வேகன் ஆர், ஹொண்டா ஃபிட் போன்றவை 4 ஓட்டை, 100 மில்லிமீற்றர். 30 வகை பிரியஸ் 5 ஓட்டை, 100. ஹொண்டா வெசல் 5 ஓட்டை, 114.3. ஒரே நிறுவனத்தின் கார்களுக்கே இது மாறும். அதனால் "டொயோட்டா ரிம்தானே, பிடிக்கும்" என்ற பேச்சை நம்பக்கூடாது.

நாலு ஓட்டை ரிம்மில் எதிரெதிரான இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்தால் பி.சி.டி கிடைத்துவிடும். ஐந்து ஓட்டையில் எதிரெதிராக ஓட்டை இல்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். 58.8 மில்லிமீற்றர் வந்தால் அது 100. 67.2 வந்தால் 114.3.

பி.சி.டி ஒத்துப்போனதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். நடுத் துளையை யாரும் அளப்பதில்லை. காரில் ரிம் பூட்டப்படும் இடமான ஹப்பின் நடுவில் வட்டமாக எழும்பி நிற்கும் பகுதி ரிம்மின் நடுத் துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். டொயோட்டாவின் 4 × 100 கார்களில் அந்த அளவு 54.1 மில்லிமீற்றர். ஹொண்டா ஃபிட்டில் 56.1. ஆகவே விட்ஸின் கொம்பனி ரிம் ஃபிட்டில் உட்காராது, துளை சிறிது. ஃபிட்டின் ரிம் விட்ஸில் உட்காரும், ஆனால் 2 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தோடு இறுக்கினால் சில்லு மையத்தில் நிற்காது. மணிக்கு 80 தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பலன்சிங் செய்தாலும் நடுக்கம் போகாது, ஏனென்றால் பிழை சில்லில் இல்லை, அது உட்கார்ந்த இடத்தில்.

வெளியில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடுத் துளையை 67.1, 73.1 என்று பெரிதாகச் செய்கிறார்கள். அதில் பிழையில்லை. அந்த இடைவெளியை நிரப்ப உள்ளே ஒன்று வெளியே ஒன்று அளவு பொறித்த வளையம் கிடைக்கும். விலையும் அதிகமில்லை. நான்கு சில்லுக்கும் நான்கு வளையம் போடாமல் காரை வெளியே எடுக்க வேண்டாம்.

ஓஃப்செட்: இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்

ரிம்மின் பின்பக்கத்திலோ கம்பியின் உள்பக்கத்திலோ 15 × 6ஜே 45 என்பது போல எழுதியிருக்கும். 15 விட்டம், 6 அகலம், இரண்டும் இஞ்சில். ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவத்துக்கான குறி. கடைசி 45 என்பது ஓஃப்செட், மில்லிமீற்றரில். சிலதில் அதற்கு முன் ஈ.டி என்று இருக்கும்.

ரிம்மை நிறுத்திவைத்து அதன் அகலத்தின் நடுவில் ஒரு கோடு போடுவதாக நினையுங்கள். ஹப்போடு ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக, அதாவது வீதிப் பக்கமாக, எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஓஃப்செட். முகம் வெளியே தள்ளியிருந்தால் ரிம்மின் உடம்பு காருக்குள் போகும். ஆகவே எண் கூடக்கூடச் சில்லு உள்ளே போகும், குறையக்குறைய வெளியே வரும். இந்த ஒரு வரியை மனதில் வைத்தால் போதும்.

அகலம் மாறும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6ஜே ரிம்மின் பாதி அகலம் 76.2 மில்லிமீற்றர். ஓஃப்செட் 45 என்றால் ஹப் முகத்திலிருந்து வெளியே 31.2, உள்ளே 121.2. அசல் பிரியஸ் 15 இஞ்சின் நிலை இது. இப்போது 7ஜே ரிம், ஓஃப்செட் 35 கிடைக்கிறது. பாதி அகலம் 88.9. வெளியே 53.9, உள்ளே 123.9. உள்ளே கிட்டத்தட்ட மாற்றமில்லை. வெளியே 22.7 மில்லிமீற்றர் துருத்தி வந்துவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டின் விளிம்பு டயரை வெட்டக்கூடும்.

அதே 7ஜே, ஓஃப்செட் 50 என்றால்? வெளியே 38.9, உள்ளே 138.9. வெளியே 7.7 மட்டும் கூடுகிறது, உள்ளே 17.7 கூடுகிறது. பிரியஸின் கொம்பனி 17 இஞ்ச் ரிம் இந்த அளவில்தான் வந்தது. அகலத்தைக் கூட்டியபோது டொயோட்டா ஓஃப்செட்டையும் கூட்டியது, ஏனென்றால் உள்ளே இடம் இருந்தது, வெளியே இருக்கவில்லை. "7ஜே போட்டால் உரசும்" என்றோ "உரசாது" என்றோ ஒரேயடியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். அகலத்தைத் தனியாகச் சொன்னால் அதில் பாதிச் செய்தி இல்லை.

உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, காரை ஜாக்கில் ஏற்றிக் கையை உள்ளே விட்டு, டயருக்கும் ஷொக் குழாய்க்கும் இடையில் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். புதிய கணக்கில் உள்ளே எவ்வளவு கூடுகிறதோ அதைக் கழித்த பிறகும் ஒரு விரல் நுழைய வேண்டும். பிரேக் தட்டை அமுக்கிப் பிடிக்கும் கலிப்பர், ரிம்மின் கம்பிகளுக்குப் பின்னால் இடிக்கிறதா என்பதை மட்டும் எண்ணால் சொல்ல முடியாது. டயர் போடாத வெறும் ரிம்மை முன் ஹப்பில் வைத்து இரண்டு நட் பூட்டிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் இதற்கு மறுக்க மாட்டார்.

சில்லை வெளியே கொண்டுவந்து அகலமாகக் காட்டுவதற்காகக் குறைந்த ஓஃப்செட் தேடுகிற இளைஞர்கள் நிறைய. தம்பிமாருக்கு இதைச் சொல்ல வேண்டும்: சில்லு வெளியே போனால் பாரம் ஹப் பெயரிங்கில் நெம்பும். பெயரிங் சீக்கிரம் சத்தம் போடும். ஒரு பக்கச் சில்லு மண்ணிலும் மறுபக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அசலிலிருந்து 5, அதிகம் போனால் 10 மில்லிமீற்றருக்குள் நிறுத்துங்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் ஸ்பேசர் தகடு போட்டு வெளியே தள்ளுவதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். போல்ட்டின் மேல் சும்மா கோர்க்கும் ஸ்பேசர், நட் பிடிக்கும் புரியைத் தின்றுவிடுகிறது.

நட் சின்னச் சாமானில்லை

அழகான ரிம்முக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டு, பழைய நட்டையே போட்டுப் பூட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். சில்லைக் காரோடு சேர்த்துப் பிடித்திருப்பது நாலோ ஐந்தோ நட் மட்டுமே.

இரண்டு விடயம் பார்க்க வேண்டும். ஒன்று புரி. டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷி கார்களில் போல்ட் 12 மில்லிமீற்றர் தடிப்பு, புரி இடைவெளி 1.5. சுசுக்கி, நிசான், சுபாரு கார்களில் தடிப்பு அதே 12, ஆனால் புரி இடைவெளி 1.25. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். வேகன் ஆரும் விட்ஸும் ஒரே 4 × 100 என்பதால் ரிம் கைமாறும்போது நட்டும் சேர்ந்து கைமாறிவிடும். 1.5 நட்டை 1.25 போல்ட்டில் கையால் போட்டால் ஓரிரு சுற்றில் இறுகிவிடும். அங்கே நிறுத்தாமல் காற்றுத் துப்பாக்கியால் அடித்தால் இரண்டு புரியும் அழியும். இறுகியது போலத் தோன்றும். உண்மையில் பிடிப்பு இருக்காது. அதனால் எந்தக் கடையிலும் எல்லா நட்டையும் முதலில் கையால்தான் ஏற்ற வேண்டும் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

12 மில்லிமீற்றர் போல்ட்டில் நட் குறைந்தது 12 மில்லிமீற்றர் ஆழம் பிடித்திருக்க வேண்டும். 1.5 புரியில் அது 8 முழுச் சுற்று. 1.25 புரியில் கிட்டத்தட்ட 10. கையால் ஏற்றும்போதே எண்ணிக்கொள்ளலாம்.

மற்றது நட் உட்காரும் முகம். வெளியில் விற்கும் ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு வடிவம். ஹொண்டாவின் கொம்பனி ரிம்களில் அரைப் பந்து போல உருண்டை வடிவம். டொயோட்டாவின் பல கொம்பனி அலோய்களில் கீழே தட்டையான வளையம் வைத்த நீண்ட நட். உருண்டைக் குழியில் கூம்பு நட் போட்டால் ஒரு மெல்லிய விளிம்பில் மட்டும்தான் தொடும். ஓட ஓட அது தேய்ந்து தளரும். ரிம் மாறினால் அந்த ரிம்முக்குரிய நட்டும் மாற வேண்டும்.

எங்கள் வீதியும் எங்கள் கடலும்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். "எத்தனை இஞ்ச்" என்ற கேள்விக்கு மட்டும் ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரியஸின் 15 இஞ்ச் டயரில் பக்கச் சுவர் கிட்டத்தட்ட 127 மில்லிமீற்றர். 17 இஞ்சில் 97. இல்லாமல் போன அந்த 30 மில்லிமீற்றர் ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் அடி ரிம் விளிம்புக்குப் போகும். டயரின் பக்கத்தில் கட்டி எழும்பும், அல்லது ரிம் வளையும். பிரதான வீதிகள் இப்போது நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கார்த்திகை, மார்கழி மழை அடித்து ஓய்ந்ததும் உள் ஒழுங்கைகளில் தாரின் விளிம்பு உடைந்து கத்தி போல நிற்கும்; தண்ணீர் நின்றால் பள்ளமும் தெரியாது. இரவில் நிலாவெளிப் பக்கம் வீதியில் மாடு படுத்திருக்கும். பட்டணத்துக்குள் மான் குறுக்கே வரும். ஒதுக்கும்போது சில்லு தாரை விட்டு இறங்கி ஏறும் அந்த ஒரு நொடியில்தான் மெல்லிய டயர் வெடிக்கிறது.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை கடக்கும் இடங்கள் உண்டு. இரவில் அங்கே இறங்கிச் சில்லு மாற்ற யாருக்கும் விருப்பம் வராது. ஆகவே என் முடிவு இது: நிலாவெளி, உப்புவெளி விடுதிகளிலிருந்து விமான நிலையத்துக்கு ஹயர் ஓடுகிறவர்கள் அசல் அளவிலேயே இருக்க வேண்டும். குடும்பக் கார் என்றால் அசலைவிட ஒரு இஞ்ச் கூட்டலாம். நடு எண் 50க்குக் கீழே போவதற்கு எங்கள் ஊரில் நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. கொம்பனியே 45 வைத்த மாடல் என்றால் சரி, ஆனால் காற்றை வாராவாரம் பார்க்க வேண்டும்.

அகலமும் அப்படித்தான். அகலமான டயர் காய்ந்த தாரில் நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் நிற்கும் வீதியில் அகலம் கூடக்கூடத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் வாய்ப்பும் கூடும். பெரிய, பாரமான சில்லைச் சுழற்ற எரிபொருளும் கூட வேண்டும். ஹைபிரிட் கார் வாங்கியதே எரிபொருள் மிச்சத்துக்காக என்றால் இதையும் யோசிக்க வேண்டும். சாதாரணமாக 195/65ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7ஜே வரை ரிம் பொருந்தும். 215/45ஆர்17க்கு 7 முதல் 8ஜே. இந்த எல்லைக்கு வெளியே டயரை இழுத்துப் பூட்டினால் பக்கச் சுவர் சரிந்து நிற்கும். அது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம், பள்ளத்தில் ரிம்மைக் காக்காது.

பாரக் குறியீட்டை மறக்க வேண்டாம். 91 என்றால் 615 கிலோ, 88 என்றால் 560, 84 என்றால் 500. புதிய டயரின் எண், அசல் எண்ணுக்குக் குறையக்கூடாது. குறைவாக இருந்தால், அந்த அளவைத் தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு வைத்திருக்க வேண்டும். கதிர்காமத்துக்கோ நயினாதீவுக்கோ போகும்போது டிக்கி நிறைந்து, பின் ஆசனத்தில் மூன்று பேர் இருப்பார்கள். சோதனை அன்றுதான் நடக்கும்.

காற்றழுத்தம் ஜப்பான் கார் ஸ்டிக்கரில் கிலோபாஸ்கலில் இருக்கும். 220 என்றால் 32 பி.எஸ்.ஐ, 230 என்றால் 33, 250 என்றால் 36. எல்லாக் காருக்கும் 30 அடிக்கிற பழக்கம் மெல்லிய டயருக்கு ஆகாது.

அடுத்தது உப்பு. டச் பே, உப்புவெளி, நிலாவெளி என்று கடலுக்குப் பக்கத்தில் கார் நிற்கிற வீடுகளில் இரும்பு ரிம் துருப்பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அலோயும் தப்பாது. குரோம் பூசிய ரிம்மில் சிறு கீறல் வழியாக உப்பு உள்ளே போனால் பூச்சு செதிலாக எழும்பும். டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து, அங்கிருந்து காற்று மெதுவாகக் கசியும். பஞ்சர் தேடித் தேடிக் கிடைக்காத காற்றிறக்கத்துக்குப் பல வேளை இதுதான் காரணம். கடலோரத்தில் இருப்பவர்கள் சாதாரண வெள்ளி அல்லது சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த ரிம்மை எடுங்கள். குரோமும், மினுக்கிய வெறும் அலுமினியமும் வேண்டாம். நல்ல தண்ணீரால் கிழமைக்கு ஒருமுறை உள்பக்கமும் சேர்த்துக் கழுவினால் நெடுநாள் வரும். ஹப்பின் இரும்பு முகத்தோடு அலோய் ஒட்டிப்பிடித்துக் கழறாமல் போவதும் இங்கே சாதாரணம். பூட்டுமுன் ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மிக மெல்லியதாகக் கிரீஸ் தடவலாம். போல்ட் புரியில் கிரீஸ் படக்கூடாது.

பழைய ரிம் வாங்குகிறவர்கள்

பழைய ரிம் வாங்குவதில் தவறில்லை. ஜப்பான் கொம்பனி ரிம் பழையதாக இருந்தாலும், பெயர் தெரியாத புதியதைவிட நான் அதைத்தான் எடுப்பேன். ரிம்மில் ஜே.டபிள்யூ.எல் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் அலோய் ரிம் தரத்தைக் குறிப்பது அது. வி.ஐ.ஏ என்ற குறியும் சேர்ந்திருந்தால், வெளிச் சோதனையும் செய்து பதிவானது என்று பொருள். குறியைப் போலியாகப் பொறிக்கவும் ஆட்கள் உண்டு என்பதால் அதோடு நிறுத்தாமல் ரிம்மையும் பாருங்கள்.

முன்முகம் புதுப் பெயின்டில் மின்னும். நீங்கள் பார்க்க வேண்டியது பின்முகம். உள் விளிம்பில் விரலை வைத்து ஒரு சுற்றுத் தடவுங்கள். மேடோ தட்டையோ தட்டுப்பட்டால் அடிபட்டது. வெல்டிங் அடித்து அராவிய தடம் உள்பக்கத்தில்தான் தெரியும். பெயின்ட் ஓரிடத்தில் மட்டும் தடிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கம்பிகளின் அடியில், நட் குழிகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். கடையில் பலன்சிங் இயந்திரம் இருந்தால் டயர் போடாமல் நான்கையும் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விளிம்பு அலையாடுகிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

ரிம்மோடு சேர்த்து டயரும் தருகிறார்கள் என்றால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வெயிலில் கிடந்து பழசான டயரின் பக்கம் வெடித்திருக்கும்.

பூட்டிய அன்று

கடையிலிருந்து கிளம்புமுன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன்னும் பின்னும் மெல்ல ஓட்டிப் பாருங்கள். பின் ஆசனத்தில் ஆட்களை ஏற்றி ஒரு வேகத்தடையில் இறக்கிப் பாருங்கள். உரசினால் அங்கேயே கழற்றித் திருப்பிக் கொடுங்கள். மட்கார்டை மடித்துத் தட்டித் தருகிறேன் என்றால் சம்மதிக்க வேண்டாம்.

நட்டை நட்சத்திர ஒழுங்கில், எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். பிரியஸ், அக்வா போன்ற டொயோட்டாக்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டா ஃபிட்டுக்கு 108. காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டுக் காலால் மிதிப்பது அளவில்லாத வேலை. கூடினால் போல்ட் இழுபட்டு நீளும், குறைந்தால் தளரும். புது ரிம் ஓடி உட்காரும்போது நட் கொஞ்சம் இளகும் என்பதால் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். கந்தளாய் வரை ஒருமுறை போய்வந்தால் அந்தத் தூரம் ஆகிவிடும். சில்லு அகலமோ ஓஃப்செட்டோ மாறியிருந்தால் அலைன்மென்டும் அந்தக் கிழமைக்குள் பார்த்துவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ரிம் மாற்றியதை ஒரு வார்த்தை எழுத்தில் தெரிவித்து வைப்பது நல்லது.

கடைசியாக, டிக்கியில் கிடக்கும் ஸ்பெயார் சில்லு. அது அசல் இரும்பு ரிம். அதற்குப் புது அலோயின் நட் பொருந்தாமல் போகலாம். வீட்டு முற்றத்தில் பகலில் ஒருமுறை அதைப் பூட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஜாக்கோடு சேர்த்துக் காரிலேயே வையுங்கள். புது நட் திருட்டுக்குப் பயந்து சாவி வைத்த வகையாக இருந்தால் அந்தச் சாவியும் அதே பைக்குள் இருக்கட்டும்.